ஆறாவது மழை

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாத வரைக்கும் நல்லது என்று பிலோமினா நினைத்தாள். நினைத்த மறுகணமே, எங்கே தன்னை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்களோ என்று மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இரண்டும் எப்படி ஒரே மனதுக்குள் இருக்க முடியும். இருந்தன. கையிலிருந்த எண் அட்டையின் ஓரம் வியர்வையில் நைந்து பஞ்சாகிக்கொண்டிருந்தது. பெங்களூர் ஃபிரேசர் டவுனில் ஒரு மதுக்கடையின் மாடி அறை அது. கீழே எல்லாரும் வாங்கும் சரக்கு. மேலே இந்த அறையைத் திறப்பது எப்போதாவது ஏதாவது ஒன்று வரும் நாளில் மட்டும். வருகிறது என்றுதான் இவர்கள் சொல்வார்கள், விற்கிறோம் என்று சொல்வதில்லை. பிஷப் வருவதுபோல, மழை வருவதுபோல. இன்று வந்திருப்பதும் மழைதான். மேற்கு மலைச்சரிவில் விஸ்கி வடிக்கிற ஒரு கம்பெனி மழைகளின் பேரில் ஒரு வரிசை போட்டது: மாம்பழ மழை, முதல் மழை, அடைமழை, சாரல், துலா மழை. இன்றைக்குக் கடைசி மழை. இத்தோடு ஆறு. அவள் வீட்டில் ஐந்து இருக்கின்றன, ஐந்தும் முத்திரை பிரிக்காதவை. ஆறும் சேர்ந்த அன்றைக்கு முதலாவதிலிருந்து வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடிப்பது என்று அவளும் கணவர் தேவசகாயமும் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தது அவள். சரி என்றது அவர். ஐந்தாவது வந்தபோது இருந்தார். ஆறாவது வரும்போது இல்லை. தவக்காலத்தில் போய்விட்டார், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறைக்கூடப் பார்க்காமல். இன்றைக்கு வாங்கினால் பேசினபடி திறக்க வேண்டும். யாரோடு. வாங்காவிட்டால் ஆறு சேராது. ஆறு சேராவிட்டால் பேச்சு பேச்சாகவே நிற்கும், அதை அவளும் மீறியதாகாது, அவரும் மீறியதாகாது, நடுவில் ஏதோ ஒன்று வரவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிடலாம். ஆனால் வாங்காமல் எழுந்து போனால் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். சுவரில் மாட்டிய டிவியில் ஒரு ஆள் கோடரியால் பீப்பாயை உடைத்துக்கொண்டிருந்தான். கடைசி மழை ஊறிய பீப்பாயாம். உடைத்து முடித்ததும் திரும்ப முதலிலிருந்து உடைத்தான். கீழே எழுத்து ஓடியது: இனி ஒருபோதும் இல்லை. ஒவ்வொரு தடவை கோடரி இறங்கும்போதும் அறையிலிருந்த பத்துப் பதினைந்து பேரும் அதைப் பார்த்தார்கள், ஏற்கெனவே பார்த்ததுதான் என்றாலும்.

இந்த வித்தை அவளுக்குத் தெரியாததா. தலை நரைக்கும் வரைக்கும் இதைத்தானே செய்தாள், விமான நிலையத்தில், வரியில்லாக் கடையில், பச்சைச் சேலையும் பெயர் வில்லையுமாக. சேர்ந்த முதல் வாரம் மிஸஸ் பின்ட்டோ சொல்லிக்கொடுத்தாள்: கண்ணாடித் தட்டில் மூன்றுதான் நிற்க வேண்டும், கீழ் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தாலும் மேலே மூன்று. ஒன்று போனதும் ஓடிப்போய் நிரப்பாதே, அந்த இடம் காலியாகவே தெரியட்டும், பாட்டிலைவிட அந்தக் காலி இடம்தான் நன்றாக விற்கும். அப்புறம், இருக்கு சார் என்று சொல்லக் கூடாது. இன்னும் இருக்கு சார் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, ஆனால் சொன்னதும் ஆளின் முகத்தில் ஒரு நிழல் ஓடும், கை தானாகப் பர்ஸுக்குப் போகும். இன்னும். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஒரு பையன் வந்தான், துபாய்க்கோ தோஹாவுக்கோ போகிறவன் இல்லை, அங்கிருந்து வருகிறவன், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றான், நல்லதாக ஒன்று வேண்டும். இதுதான் சார் கடைசி பீஸ் என்றாள். காசு போதவில்லை. இருங்க மேடம், இருங்க, யாருக்கும் குடுத்துடாதீங்க என்று ஓடினான், கூட வந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான், பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு போனான். அவன் முதுகு கதவைத் தாண்டியதும் அவள் குனிந்து கீழேயிருந்து இன்னொன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்திருந்தால். பார்க்கவில்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கழுத்து திரும்பாது. அந்தக் கழுத்தை இப்போது தன் தோளின் மேல் உணர்ந்தாள், விறைத்திருந்தது. தெரிந்தவளுக்குத் தைக்காது என்று யார் சொன்னது. கடைசி நாளன்று கூட வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தந்தார்கள், மாம்பழ மழை. பூசைத் திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் நாக்கில் வைத்தறியாதவளுக்கு விஸ்கி. சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அண்ணனுக்குக் குடுங்க அக்கா என்றார்கள். கொடுத்திருப்பாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கே அவர் குடித்து முடித்திருப்பார், பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருப்பாள், எல்லாம் அதோடு போயிருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் பொன்னெழுத்தில் ஆறில் ஒன்று என்று போட்டிருந்தது. அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்த நொடியில் கையில் இருந்தது ஒன்றாகத் தெரியவில்லை, இல்லாத ஐந்தாகத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் காலி இடத்தை விற்றவள் வீட்டுக்கு ஐந்து காலி இடங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, மூஞ்சியப் பாத்தா பல்லு புடுங்க வந்தவங்க மாதிரி இருக்கு. இங்க நான் டாக்டர் இல்லை, நானும் பேஷன்ட்டுதான்."

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் சம்பந்தம். காக்ஸ் டவுனில் பல் டாக்டர். இப்படிப்பட்ட நாட்களில் மட்டும் பார்க்கிற பழக்கம், ஆனால் அந்தப் பழக்கத்துக்கே வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணன் விஷயம் லேட்டாத்தான் தெரிஞ்சுது அக்கா. வந்திருக்கணும். வரலை. மனசுல வச்சுக்காதீங்க."

"வந்து என்ன ஆகப்போகுது டாக்டர்."

"அதில்லை. வரணுமில்ல." சற்று நேரம் அவர் தன் எண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துக்கம் விசாரித்தாயிற்று, இனி எப்படிப் பேச்சை மாற்றுவது என்று தெரியாத மனிதனின் விரல்கள். அவளே உதவினாள்.

"வீட்டுல தெரியுமா, வந்திருக்கறது?"

"தெரியாம இருக்குமா. பல்லப் புடுங்கி சம்பாதிக்கறதைப் பாட்டில்ல போடுங்க, போற வழியில ஒரு அலமாரியும் வாங்கிட்டு அதுக்குள்ளயே படுத்துக்கங்கன்னு வாழ்த்தி அனுப்பியிருக்கா." சிரித்தார். "ஒண்ணு பாக்கறதுக்கு, ஒண்ணு விக்கறதுக்கு. என் தம்பி பேரையும் பட்டியல்ல நுழைச்சிருக்கேன்ல, அதனால ரெண்டு. அவன் கீழ வண்டியில தூங்கறான்."

"குடிக்கறதுக்கு?"

"குடிக்கவா." அவர் உண்மையிலேயே யோசித்தார். "குடிக்க வீட்டுல ரம் இருக்கேக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் ஒரு முள்ளில் மாட்டிய சேலைபோல் நின்றது, ஏனென்றால் தேவசகாயமும் ரம்தான் குடித்தார். சாயங்காலம் ஒரே ஒரு அளவு, வேர்க்கடலையோடு, பால்கனியில் முக்காலி போட்டுக்கொண்டு. தொழிற்சாலையில் மர அச்சு செய்கிற பிரிவில் இருந்தவர். எதையும் அளந்து செய்கிற கை, ரம்மையும் அப்படித்தான் ஊற்றினார். அவளுடைய அலமாரியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இல்லை, பார்த்தார். பார்த்து, சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மினா, நீ வாங்கறது குடிக்கவா, கும்பிடவா. மாதா சொரூபம்கூட வருஷத்துக்கு ஒரு தடவை தேர்ல ஏறி வெளிய வருது மினா, உன் பாட்டில் வரமாட்டேங்குது. சும்மா இருங்க என்பாள். சும்மாதான் இருந்தார். இரண்டாவது பாட்டில் வந்த அன்று அவர் தேக்குப் பலகை வாங்கிவந்தார், ஞாயிறு பூசை முடிந்து வந்து அளந்தார், இழைத்தார், சுவரில் பொருத்துகிற மாதிரி ஒரு தாங்கி செய்தார், அதில் ஆறு குழி. பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்க வைத்தால் கார்க் கெட்டுவிடும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து செய்தார். ஆறு குழியையும் ஒரே நாளில் தோண்டிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. இரண்டு தோண்டியிருந்தால் இரண்டோடு போயிருக்கும். பட்டியலில் நிற்பதற்காக அந்தக் கடையில் வருஷம் முழுக்க வேண்டாததெல்லாம் வாங்க வேண்டியிருந்தது. வருகிறவர்களில் யார் அடிக்கடி வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் மழை. யாருக்கும் பிடிக்காத ஜின், மருந்து நெடியடிக்கும் ஒயின், நீல நிறத்தில் என்னவோ ஒன்று. அவற்றை அவர் பண்டிகைக்குப் பண்டிகை அடுக்ககத்துக் காவலாளிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பங்கில் மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கும் கொடுத்துத் தீர்த்தார். ஊரே உன் புண்ணியத்துல ஆடுது மினா, நான்தான் காஞ்சு கிடக்கேன். காய்ந்து கிடக்கவில்லை, ரம் இருந்தது. இருந்ததா. கடைசி வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் அதையும் நிறுத்திவிட்டார், நுரையீரலில் நீர். அப்போதிலிருந்து ஆறாவது குழியில் அவர் தன் மாத்திரை அட்டையைச் செருகி வைக்கத் தொடங்கினார், போகிற வழியில் கைக்கு எட்டுகிற உயரம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாதி பிதுங்கி, பாதி நிறைந்து. தூசு தட்டும்போது அதைச் சுற்றித் தட்டுவாள். இன்றைக்குப் பாட்டிலோடு வீட்டுக்குப் போனால் முதல் வேலையாக அந்த அட்டையை எடுக்க வேண்டும். எடுத்து. எடுத்து எங்கே வைப்பது. காலாவதியான மாத்திரையைக் குப்பையில் போடக் கூடாது, யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்கள், கழிப்பறையில் போட வேண்டும் என்று சொல்வார்கள், ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தண்ணீரை இழுத்துவிட்டு. கூடாது. அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஏன் இதை யோசிக்கிறாள், வாங்கப் போவதாகவா தீர்மானம்.

யாரோ இரண்டு பேர் கீழே இறங்கிப் போனார்கள், கழுத்தைத் திருப்பாமல். எதிர் வரிசையில் டி-ஷர்ட் போட்ட ஒருவர் போனில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்: இப்பவே மூணு மடங்கு போகுதாம்டா, சாயங்காலம் நாலு. நாலு மடங்கு எது. மழை எப்படி மடங்காகும். அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது, காலையில் பிரெட் மட்டும்தான், ஏசி குளிர் கணுக்காலில் ஏறியது, ஆஸ்பத்திரியிலும் இதே குளிர் இதே கணுக்காலில் ஏறியது, இதே மாதிரி இரும்புக்கால் நாற்காலி. அந்தப் பக்கம் போகாதே என்று மனதைத் தட்டினாள். மனது போயிற்று. ஜன்னல் ஓரத்துக் கட்டில், மூக்கில் குழாய், குழாயின் இரண்டு பக்கமும் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியதால் சிரிக்க வராமல் கண்ணால் சிரித்துக்கொண்டிருந்த மனிதர். தவக்காலம் பாதி தாண்டியிருந்தது. மினா, அந்த முதல் பாட்டிலை ஒரு தடவை திறந்து கொண்டாயேன், ஒரு சொட்டு, நாக்குல வச்சுப் பாக்கறேன், என்னதான் அப்படி வச்சிருக்கான்னு. தவக்காலத்துலயா என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான் வாயில் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தவக்காலத்தில் ரம்மைத் தொடாதவர், விபூதி புதனன்று பாட்டிலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்துதான் இறக்குவார், அவர் தவக்காலத்தில் கேட்கிறார் என்றால் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் தனக்கு நேரம் இல்லை என்று தெரிந்துகொண்டு கேட்கிறார் என்று அர்த்தம். அது அவளுக்குப் புரியவில்லையா. புரிந்தது. இல்லை, அன்றைக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. இல்லை. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, கேட்ட அடுத்த மூச்சிலேயே புரிந்தது. புரிந்ததனால்தான் தவக்காலத்துலயா என்றாள். அது போதாதென்று, ஆறாவது வரட்டுங்க, இன்னும் ஒண்ணுதானே, மழைக்காலத்துல வந்துடும், எல்லாத்தையும் சேர்த்துத் திறக்கலாம்னு சொல்லியிருக்கோமில்ல என்றாள். கடையில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். இன்னும் என்ற வார்த்தையை அதன் இடத்தில் சரியாக வைத்தாள். அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. ஏமாற்றம்கூட இல்லை, அதுதான் இத்தனை மாதமாக அறுக்கிறது. ஒரு வாடிக்கையாளரைப் போலப் பார்த்தார், கீழ் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருப்பது தெரிந்தும் பெண்ணின் முகத்துக்காக ஒன்றும் சொல்லாத வாடிக்கையாளர். சரி, வரட்டும் என்றார்.

பாட்டிலைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னாள். முத்திரை பிரித்தால் மதிப்பு போய்விடும் என்றா. அப்படித்தான் அவருடைய அக்காள் தங்கைகள் நினைத்தார்கள், அடக்கத்துக்கு வந்த இடத்தில் நாத்தனார் அலமாரியைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், குடிக்கக் குடுத்து வைக்கலை எங்கண்ணனுக்கு என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழும்படியே சொன்னாள். விழட்டும். அவளே பல ராத்திரி அப்படித்தான் நினைத்தாள், ஒரு கண்ணாடிக் குப்பிக்காக மனிதனின் நாக்கைக் காயவிட்டவள் என்று. ஆனால் இந்த நாற்காலியில், இந்தக் குளிரில், கோடரி மறுபடி இறங்கும் இந்த நொடியில் வேறொன்று மெல்லத் தெரிகிறது, தெரிய வேண்டாம் என்றாலும் தெரிகிறது. கடைசி பீஸ் என்று சொன்னபோது அந்தப் பையன் வெளியே காத்திருக்கும் வீட்டாரைக்கூட மறந்து நின்றான் அல்லவா. காத்திருக்க ஒன்று இருக்கிற மனிதன் போகமாட்டான். வரவேண்டியது ஒன்று பாக்கி இருந்தால் எழுந்து போகமாட்டான், கதவு மூடப் போகிறது என்று அறிவித்தாலும் நிற்பான். அதை அவள் தொழிலாகவே செய்திருக்கிறாள், ஆட்களைக் கவுண்டரில் நிறுத்திவைப்பதை. அவரையும் நிறுத்திவைக்கப் பார்த்தாள். அவ்வளவுதான். பாட்டிலைத் திறந்திருந்தால் அது கடைசி ஆசை ஆகியிருக்கும், கடைசி ஆசையைத் தீர்த்துவைத்தால் ஆள் போய்விடுவார். திறக்காமல் வைத்திருந்தால், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று. அவர் நிற்கவில்லை. அவளுடைய வித்தை ஒரே ஒரு ஆளிடம் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று நினைத்ததும் கண் கரித்தது, டாக்டர் பார்த்துவிடக் கூடாதென்று டிவியைப் பார்த்தாள். சரி. எழுந்து போய்விடலாம். எண் அட்டையைச் சம்பந்தத்திடம் கொடுத்துவிட்டுப் போனால் அவர் மூன்றாக வாங்கிக்கொள்வார். ஐந்து பாட்டிலும் ஒரு மாத்திரை அட்டையும் உள்ள தாங்கி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் ஒரு முழுமைதான். அவள் எழவில்லை. ஏனென்றால் இனி ஒருபோதும் இல்லை என்று எழுத்து மறுபடி ஓடியது. அந்த மூன்று வார்த்தைகளை இந்த வருஷம் அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாயிற்று, இரண்டாவது தடவை கேட்க உடம்பில் தெம்பு இல்லை.

எண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுடையதுதான். சம்பந்தம் முழங்கையைத் தொட்டு எழுப்பிவிட்டார், தானும் அடுத்ததற்காக எழுந்து பின்னால் வந்தார். மேசைக்குப் பின்னால் கடை மேலாளர் நாகேந்திரா. சென்ற வருஷம் வந்தவன், வாடிக்கையாளர்களை முகத்தால் அல்ல, எண்ணால் அறிந்தவன். கன்னடம் தோய்ந்த தமிழில் மரியாதையாகப் பேசுவான். வெல்வெட் விரித்த தட்டில் பாட்டிலை வைத்து அவள் பக்கம் நகர்த்தினான். சாம்பல் நிறப் பெட்டி, அதன் மேல் வெள்ளியில் சாய்ந்த கோடுகள். ஆறில் ஆறு. அவள் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்றிருந்தது. எத்தனை சின்னது. ஐந்தும் இதே அளவுதான், ஆனால் இல்லாதபோது இது எவ்வளவு பெரிதாக இருந்தது. கார்டை எடுத்து நீட்டியது தன் கைதான் என்று பிறகுதான் பார்த்தாள். அப்படியானால் தீர்மானம் ஆகிவிட்டது. அப்படியானால் இன்று சாயங்காலமே, பால்கனியில், முக்காலி போட்டு, மாம்பழ மழையிலிருந்து வரிசையாக. ஒரு டம்ளரா, இரண்டு டம்ளரா.

"மேடம், ஏழாவதுக்கு இப்பவே பேரு போட்டுக்கறேன். ஆறும் வச்சிருக்கறவங்களுக்குத்தான் மொதல் சான்ஸ்."

அவள் நிமிர்ந்தாள். "ஆறோட முடிஞ்சுதுன்னுதானே சொன்னீங்க."

"முடிஞ்சுது மேடம். இது முடிஞ்சதுக்கு அப்புறம் வர்றது. 'மழைக்குப் பின்'னு பேரு." அவன் டிவியைக் காட்டினான். "அந்தப் பீப்பாயை உடைச்சாங்க இல்லையா, அந்தப் பலகைய வச்சே சின்னதா இன்னொண்ணு கட்டியிருக்காங்க. அதுல ஊறுது. ரொம்பக் கொஞ்சம்தான்."

"உடைச்சது எதுக்கு, கட்டுனது எதுக்கு," என்றார் பின்னாலிருந்து சம்பந்தம். "அதுக்கப்புறம் எட்டாவதா, மழை வராத வருஷம்னு வருமாப்பா? குடிக்கறவன் இருக்கற வரைக்கும் விடமாட்டீங்க போல."

"குடிக்கறவங்க கீழயே வாங்கிட்டுப் போயிடறாங்க சார்," என்றான் நாகேந்திரா, கிண்டல் தெரியாத முகத்தோடு.

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. பிலோமினாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்காக அவள் உள்ளே தேடிக்கூடப் பார்த்தாள். அங்கே இருந்தது வேறு. பரீட்சை தள்ளிப்போனதாக அறிவிப்புப் பலகையில் பார்த்த பெண்ணுக்கு வருமே, அந்த நிம்மதி. மார்பு முழுக்க ஒரு குளுமை இறங்கியது. ஆறு இல்லை, ஏழு. அப்படியானால் வரிசை இன்னும் சேரவில்லை. இன்று சாயங்காலம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, முக்காலி போட வேண்டாம், டம்ளர் எண்ண வேண்டாம். அந்த நிம்மதியை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள், கண்டுகொண்டு வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டும் அதை விடவில்லை. ஆஸ்பத்திரியில் சரி, வரட்டும் என்று அவர் சொன்னபோது வந்ததும் இதே நிம்மதிதான். தான் ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்தது. யார் எப்படி எந்த அலமாரியிலிருந்து எடுத்து எந்தக் காலி இடத்தில் வைக்கிறார்கள் என்று கை அசைவு வரைக்கும் தெரிந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. வெயிலைத் தெரிந்தவனுக்கும் வியர்க்கத்தான் செய்கிறது.

"போடுங்க," என்றாள்.

"இந்தத் தடவை ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரு போடலாம் மேடம். ஒரு பேருக்கு ஒரு பாட்டில். வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

பின்னால் சம்பந்தம் தொண்டையைச் செருமினார்.

"தேவசகாயம்," என்றாள் பிலோமினா.

நாகேந்திரா தட்டினான். அவளுடைய பேருக்குக் கீழே அந்தப் பேர் வெளிச்சமாக எழுந்தது, முழுசாக, ஒரு எழுத்துக்கூட நடுங்காமல். இந்த நாலைந்து மாதத்தில் அவள் எத்தனை மேசைகளுக்கு முன்னால் இப்படி நின்று அந்தப் பேர் கோடு போட்டு அடிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறாள், வங்கியில், காஸ் ஏஜென்சியில், ரேஷனில், பங்குக் கோயிலின் பதிவேட்டில்கூட. யாரும் எழுதி அவள் பார்க்கவில்லை. இவன்தான் எழுதுகிறான். சம்பந்தம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொடுக்கற அன்னிக்கு சார் நேர்ல வரணும் மேடம். அவருக்குப் பதிலா நீங்க வந்தா தரமாட்டாங்க, பேரும் போயிடும். அடுத்த வருஷம் ஆகும், பரவாயில்லையா? வருவாரா?"

"வருவார்," என்றாள் அவள், பாட்டிலை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி. "காத்திருக்கத் தெரிஞ்ச மனுஷன்தான்."